மணம் வேறு, தூய்மை வேறு

அல்லாஹ்வின் திருப்பெயரால்.



நம் வீடுகளில் மாதந்தோறும் எழுதப்படும் மளிகைச் சீட்டை ஒருமுறை நிதானமாகப் படித்துப் பாருங்கள். அரிசி, பருப்பு, எண்ணெய் முடிந்ததும் இன்னொரு பட்டியல் தொடங்குகிறது. சலவைத் தூள், சலவைத் திரவம், கறை நீக்கி, துணிக்கு மணமூட்டும் திரவம், நீலம், தரைக்கு ஒன்று, கழிவறைக்கு ஒன்று, அலமாரிக்கு உருண்டை, அறைக்குத் தெளிப்பான். நம் பாட்டிமார் காலத்தில் ஒரு சவுக்காரக் கட்டியும் ஒரு பொட்டலம் சோடாவும் வெயிலும் செய்து முடித்த வேலைக்கு இன்று பத்துப் புட்டிகள் தேவைப்படுகின்றன. அவர்கள் உடுத்திய மக்கனாவைவிட நம் மக்கனா பத்து மடங்கு தூய்மையாகிவிட்டதா என்று கேட்டால், அதற்கு நேரான விடை சொல்ல யாராலும் முடியாது. மணம் கூடியிருக்கிறது என்பது மட்டும் உண்மை.

நாம் இங்கே எழுப்ப விரும்பும் வழக்கு இதுதான். தூய்மை என்ற சொல் இருந்த இடத்தில் மணம் என்ற சொல் மெல்லக் குடியேறிவிட்டது. விளம்பரங்கள் அதைக் கொண்டுவந்து வைத்தன. நாம் வாடகைகூடக் கேட்காமல் இடம் கொடுத்தோம். இப்போது அதே இடத்தை "இயற்கை" என்றும் "சுன்னத்" என்றும் பெயர் சூட்டிக்கொண்டு இன்னொரு வியாபாரம் பிடிக்கப் பார்க்கிறது. இரண்டையும் மார்க்கத்தின் அளவுகோலில் வைத்துப் பார்க்க வேண்டிய கடமை நமக்கு உண்டு. ஏனெனில் தூய்மை நமக்கு அழகுக்கலை ஆகாது; அது தொழுகையின் நிபந்தனை. நம் ஃபிக்ஹு நூல்கள் தொழுகையைப் பேசுவதற்கு முன்பே தஹாரத்தைப் பேசுகின்றன. அந்தப் பாடத்தைக் கடைக்காரரிடமிருந்து கற்றுக்கொள்ளும் நிலைக்கு நாம் வரலாமா?

மார்க்கம் கேட்பது என்ன?

ஆடையில் நஜீஸ் பட்டால் என்ன செய்ய வேண்டும்? அதன் உருவை நீக்க வேண்டும். அதன் சுவை, நிறம், வாடை போகத் தண்ணீரால் கழுவ வேண்டும். இயன்றவரை தேய்த்துக் கழுவிய பிறகும் நிறமோ வாடையோ மட்டும் போகாமல் அடம்பிடித்தால், அந்த எச்சம் மன்னிக்கப்பட்டது என்று நம் அறிஞர்கள் எழுதிவைத்துள்ளனர். மார்க்கம் இவ்வளவு எளிதாக்கிய ஒன்றை, "கறை தெரிந்தால் மானம் போயிற்று" என்று விளம்பரம் நமக்குக் கடினமாக்கிவைத்திருக்கிறது.

மாதவிடாய் இரத்தம் பட்ட ஆடையைப் பற்றி உம்மு கைஸ் (ரலி) அவர்கள் கேட்டபோது, அதைக் குச்சியால் சுரண்டிவிட்டுத் தண்ணீராலும் இலந்தை இலையாலும் கழுவிக்கொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் கூறியதாக ஹதீஸ் நூல்களில் காண்கிறோம். தம் மகளார் மரணித்தபோது, அவர்களைக் குளிப்பாட்டிய உம்மு அதிய்யா (ரலி) உள்ளிட்ட பெண்களிடமும் தண்ணீரையும் இலந்தை இலையையும் பயன்படுத்தி, கடைசிக் கழுவலில் கற்பூரம் சேர்க்குமாறு நபிகளார் (ஸல்) சொன்னார்கள். இன்றும் நம் ஊர்களில் ஜனாஸாவைக் குளிப்பாட்ட இலந்தை இலை தேடுகிறோமே, அந்த வழக்கத்தின் வேர் இதுதான்.

இலந்தைக் குடும்பத்து இலைகளில் சபோனின் என்னும் பொருள் இருக்கிறது. தண்ணீரில் கசக்கினால் நுரை வரும். எண்ணெய்ப் பசையைப் பிரித்தெடுக்கும். சீயக்காயிலும் பூந்திக்கொட்டையிலும் வேலை செய்வது இதே வகைப் பொருள்தான். ஆகவே நபிகளாரின் காலத்து மதீனாவில் துணிக்கும் உடலுக்கும் அழுக்கு நீக்கியாக இருந்தது, கையெட்டும் தூரத்தில் வளர்ந்த ஒரு மரத்தின் இலை.

இதைச் சொல்வதால், சலவைத் தூள் கூடாது என்றோ, இலந்தை இலையால் துணி துவைப்பது நன்மைக்குரிய வணக்கம் என்றோ எவரும் பொருள் கொள்ள வேண்டாம். அல்லாஹ் ஆகுமாக்கியதை ஹராம் என்று சொல்லும் துணிவு நமக்கு வேண்டாம். நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் வேறு. தூய்மை என்பது அழுக்கு நீங்குவது. அதற்குத் தண்ணீர் முதல், உழைப்பு இரண்டாவது, எளிதில் கிடைக்கும் ஒரு பொருள் மூன்றாவது. மல்லிகை மணமும் கண்கூசும் வெண்மையும் அந்த வரிசையில் எங்கும் இல்லை.

விற்கப்படுவது என்ன?

நம் நாட்டில் 1959-இல் சர்ஃப் வந்தது. 1969-இல் அகமதாபாத்தில் கர்சன்பாய் படேல் தொடங்கிய நிர்மா, சலவைத் தூளை எளிய வீடுகளுக்கும் கொண்டுவந்தது. அதில் நன்மை இருந்தது என்பதை மறைக்கத் தேவையில்லை. கடலோர ஊர்களின் உவர்நீரிலும் ஆழ்துளைக் கிணற்று நீரிலும் சவுக்காரம் திரிந்து வெள்ளைப் படலமாகத் துணியில் ஒட்டும். சலவைத் தூள் அந்தத் தண்ணீரிலும் வேலை செய்யும். அந்த அளவில் அது பயனுள்ள கண்டுபிடிப்புதான். அதோடு நின்றிருந்தால் நமக்குப் பேச ஒன்றும் இராது.

வியாபாரம் அதோடு நிற்கவில்லை. அழுக்கு நீக்குவது ஓர் எல்லைக்கு மேல் விற்காது என்று கண்டதும், மூன்று பொருள்களைத் தூய்மையின் பெயரால் விற்கத் தொடங்கினார்கள்.

முதலாவது நுரை. நுரை மிகுந்தால் அழுக்கு மிகுதியாகப் போகும் என்று நம் கண்கள் பழக்கப்படுத்தப்பட்டுள்ளன. உண்மையில் அழுக்கைப் பிரிப்பது நுரையன்று. முன்பக்கம் திறக்கும் சலவை இயந்திரங்களுக்கென்றே நுரை குறைந்த தூள் தயாரிக்கிறார்கள். துணி அதில் நன்றாகவே வெளுக்கிறது. நுரைக்காக அள்ளிப் போடும் தூள் துணியின் இழைகளுக்குள் தங்குகிறது. அதை அலச மேலும் இரண்டு வாளித் தண்ணீர் போகிறது.

இரண்டாவது வெண்மை. பல சலவைத் தூள்களில் ஒளியூட்டும் சாயப்பொருள் ஒன்று சேர்க்கப்படுகிறது. கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரை வாங்கி நீல ஒளியாகத் திருப்பி அனுப்புவது அதன் வேலை. மஞ்சளித்த துணி அதனால் வெள்ளையாகத் தோன்றும். அது அழுக்கை எடுப்பதில்லை. துணியின்மேல் தங்கியிருந்து நம் பார்வையை ஏமாற்றுகிறது. கழுவியபின் துணியில் எஞ்சியிருக்க வேண்டும் என்பதற்காகவே சேர்க்கப்படும் ஒரு பொருளைத் "தூய்மை" என்று சொல்லலாமா?

மூன்றாவது மணம். துணியை மென்மையாக்கும் திரவம் இழைகளின்மேல் மெழுகு போன்ற ஒரு பூச்சைப் பூசுகிறது. அந்தப் பூச்சால்தான் துண்டு கைக்கு வழுவழுப்பாக இருக்கிறது. அதே பூச்சால் துண்டு ஈரத்தை உறிஞ்சும் ஆற்றலையும் இழக்கிறது. பிள்ளைகளின் இரவு உடையில் அதைப் பயன்படுத்தினால் துணி எளிதில் தீப்பற்றும் தன்மை கூடும். சில தயாரிப்புகளில் நறுமணத்தை நுண்ணிய உறைகளில் அடைத்துத் துணியில் ஒட்டவைக்கிறார்கள். நடக்கும்போதும் உட்காரும்போதும் அவை உடைந்து மணக்கும். மூன்று நாள் உடுத்திய சட்டையும் "புதிதாகத் துவைத்ததுபோல்" மணப்பதன் இரகசியம் இதுதான். மணக்கிறது என்பதற்காக அது தூய்மையாகிவிடாது. நஜீஸ் பட்ட ஆடையில் அத்தர் பூசிக்கொண்டு தொழுதால் தொழுகை கூடுமா என்று மதரஸாப் பிள்ளையிடம் கேட்டால்கூடச் சரியான விடை கிடைக்கும்.

விலையைக் கொடுப்பவர் யார்?

கடையில் நாம் கொடுக்கும் பணம் இந்த விலையில் ஒரு பகுதி மட்டுமே. மீதியை வேறு சிலர் கொடுக்கிறார்கள்.

முதலில் துவைக்கும் கைகள். காரம் மிகுந்த தூளில் நாள்தோறும் ஊறும் கைகளில் தோல் உரிந்து, விரலிடுக்கு வெடித்து, இரத்தம் கசிவதை நம் வீட்டுப் பெண்களிடமும், வீட்டு வேலைக்கு வரும் சகோதரிகளிடமும் காணலாம். "கொஞ்சம் கூடப் போட்டால் நன்றாக வெளுக்கும்" என்று அளவு மீறிப் போடப்படும் ஒவ்வொரு கரண்டியும் அந்தக் கைகளின் கணக்கில் எழுதப்படுகிறது. பணியாளரின் உரிமை பற்றி ஜும்ஆவில் கேட்டுவிட்டு வருகிறோம். அவருக்கு ஒரு ஜோடி கையுறை வாங்கிக் கொடுப்பதும் அந்த உரிமையில் அடங்கும்.

அடுத்துப் பச்சிளம் குழந்தைகள். அலமாரியில் பட்டுக்கும் கம்பளிக்கும் இடையே போடும் அந்துருண்டைகளில் நாப்தலீன் என்னும் பொருள் பெரிதும் பயன்படுகிறது. பிறவியிலேயே ஜி6பிடி என்னும் நொதி குறைந்த குழந்தைகள் உண்டு; ஆண் குழந்தைகளிடம் இக்குறை மிகுதி. அத்தகைய சிசுவை நாப்தலீன் வாடை ஏறிய துணியில் சுற்றினால் அதன் இரத்தச் சிவப்பணுக்கள் சிதைந்து, கடும் மஞ்சள்காமாலை வரக்கூடும்; மூளையைப் பாதிக்கும் அளவுக்கும் அது முற்றக்கூடும். பிரசவத்துக்கு வந்த மகளுக்காகப் பெட்டியின் அடியிலிருந்து எடுத்த பழைய துணியை வெயில் காட்டாமல் அப்படியே விரிப்பது எவ்வளவு ஆபத்து என்று எண்ணிப் பாருங்கள். தன் குழந்தைக்கு இக்குறை உண்டா இல்லையா என்பது பெரும்பாலான பெற்றோருக்குத் தெரியவும் தெரியாது.

மூன்றாவது தண்ணீர். 2019-ஆம் ஆண்டின் மழைக்காலத்தில் சென்னைக் கடற்கரையில் வெண்ணுரை குவியல் குவியலாகத் திரண்டதும், அதில் பிள்ளைகள் இறங்கி விளையாடியதும் செய்திகளில் வந்தன. சுத்திகரிக்கப்படாமல் ஆறுகளின் வழியே கடலுக்கு வந்த கழிவுநீர்தான் அந்த நுரை. அதில் ஒவ்வொரு வீட்டின் சலவைத் தொட்டிக்கும் பங்கு உண்டு. சில சலவைத் தூள்களில் சேர்க்கப்படும் பாஸ்பேட் ஏரிகளில் பாசியைப் பெருக்கி, மீன்களுக்கு மூச்சுக் காற்று இல்லாமல் செய்கிறது. நபிகளார் (ஸல்) ஒரு முத்து அளவு தண்ணீரில் உளூவும், ஒரு ஸாவு முதல் ஐந்து முத்து வரையிலான தண்ணீரில் குளிப்பும் முடித்தார்கள் என்று அனஸ் (ரலி) அறிவிக்கிறார்கள். முத்து என்பது இரு கைகளையும் சேர்த்து ஏந்தும் அளவு. நான்கு முத்து ஒரு ஸாவு. அந்தத் தூதரின் உம்மத்தினராகிய நாம், அளவுக்கு மிஞ்சிப் போட்ட தூளை அலசுவதற்காக மட்டும் வாளி வாளியாகத் தண்ணீரைக் கொட்டுகிறோம். இஸ்ராஃப் என்பது திருமணப் பந்தலில் மட்டும் நடப்பது என்று எண்ணிவிடக் கூடாது.

வீட்டிலேயே செய்யக்கூடியவை

குறை மட்டும் சொல்லிவிட்டு ஒதுங்குவது நம் நோக்கம் ஆகாது. நாட்டுமருந்துக் கடையிலும் மளிகைக் கடையிலும் கிடைப்பவற்றைக் கொண்டு நாம் செய்துகொள்ளக்கூடியவை சில உண்டு. அவற்றின் பயனையும் எல்லையையும் சேர்த்தே சொல்கிறோம்.

பூந்திக்கொட்டை. கொட்டையை நீக்கிய ஓடு பத்துப் பன்னிரண்டை ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு ஊறவைத்து, காலையில் கால் மணி நேரம் கொதிக்கவிட்டு, ஆறியபின் பிசைந்து வடிகட்டுங்கள். ஒரு வாளித் துணிக்கு ஒரு குவளை போதும். வெளியே வைத்தால் இரண்டு நாளில் புளித்துவிடும். ஆகவே அவ்வப்போது செய்துகொள்வதே நல்லது. சலவை இயந்திரமாயின் ஐந்தாறு ஓடுகளைச் சிறு துணிப்பையில் முடிந்து துணிகளுடன் போடலாம். வெதுவெதுப்பான தண்ணீரில் நன்றாக வேலை செய்யும். ஓடு தளர்ந்து நுரை நிற்கும்வரை மூன்று நான்கு முறை அதையே பயன்படுத்தலாம். பட்டு, கம்பளி, சாயம் போகும் கைலி, குழந்தைத் துணி ஆகியவற்றுக்கு இது மிக ஏற்றது. சமையல் எண்ணெய்க் கறையையும் இயந்திர எண்ணெய்க் கறையையும் இது முழுதும் எடுக்காது. கண்ணில் பட்டால் கடுமையாக எரியும். மீன் வளரும் குளத்தில் இந்த நீரை ஊற்றக் கூடாது. சபோனின் மீன்களுக்கு நஞ்சு.

சலவைச் சோடா. உவர்நீர் உள்ள ஊர்களில் சவுக்காரம் திரியாமல் இருக்க இதுவே எளிய வழி. தண்ணீரில் உள்ள சுண்ணாம்புச் சத்தை இது பிரித்துவிடும். ஒரு சவுக்காரக் கட்டியைத் துருவி, இரண்டு குவளைச் சலவைச் சோடாவுடன் கலந்து, ஈரம் படாத புட்டியில் வைத்துக்கொண்டால் வாளிச் சலவைக்கு ஒன்றிரண்டு மேசைக்கரண்டி போதும். ஆப்பச்சோடாவும் இதுவும் ஒன்றல்ல என்பதை நினைவில் வையுங்கள். சலவைச் சோடா காரம் மிகுந்தது; கையுறை வேண்டும். பட்டுக்கும் கம்பளிக்கும் ஆகாது. இயந்திரத்தில் நாளடைவில் சவுக்காரப் படிவு சேரும் என்பதால் இதை வாளிச் சலவையோடு நிறுத்திக்கொள்வது நலம்.

வெள்ளை வினிகர். உணவுக்குத் தொட்டுக்கொள்ள நல்லது என்று நபிகளார் (ஸல்) பாராட்டிய பொருள். துணியை நன்றாக அலசிய பிறகு, கடைசித் தண்ணீரில் அரைக் குவளை ஊற்றினால் தங்கிய காரம் முறிந்து துணி மென்மையாகும். காய்ந்தபின் அதன் வாடை நிற்காது. மென்மையாக்கும் திரவத்துக்கு இது போதுமான மாற்று. வினிகரையும் சோடாவையும் ஒன்றாகக் கலந்து "சூப்பர் கலவை" என்று பரப்புகிறார்கள். இரண்டும் ஒன்றையொன்று முறித்துக்கொள்ளும். பொங்குவது கண்ணுக்கு அழகு, துணிக்கு வேலையில்லை.

வெயில். இதைவிட மலிவான கிருமிநாசினி இல்லை. வெள்ளைப் பருத்தித் துணி, குழந்தையின் அணையாடை, தலையணை உறை, தொழுகை விரிப்பு ஆகியவற்றை நேர்வெயிலிலும், சாயத் துணிகளை உட்புறம் திருப்பியும் உலர்த்துங்கள். மழைக்காலத்தில் துணி நாறுவதற்குக் காரணம் ஈரம். அதை மணத்தால் மூடுவதில் பொருள் இல்லை.

வேப்பிலை. நிழலில் உலர்த்திய வேப்பிலையை மெல்லிய துணியில் முடிந்து அலமாரியில் வைத்து, சில மாதங்களுக்கு ஒருமுறை மாற்றுங்கள். பூச்சி அண்டாமல் இருக்க அதைவிட முக்கியமானது, துணியைத் துவைத்து முழுதும் உலர்த்தி வெயில் காட்டிய பிறகே மடித்து வைப்பது. அந்துருண்டைக்கு இந்த இரண்டும் சேர்ந்தே மாற்றாகும்.

இனி ஒரு மார்க்கச் செய்தி. ஷாஃபிஈ மத்ஹபில், நஜீஸை நீக்குவதற்குத் தன் இயல்பு மாறாத தனித் தண்ணீரே வேண்டும். ஹனஃபீ மத்ஹபில், வினிகர் போன்ற தூய திரவங்களாலும் நஜீஸை நீக்கலாம் என்ற கருத்து உண்டு. எப்படியாயினும், பூந்திக்கொட்டை நீரோ சவுக்கார நீரோ அழுக்கைத் தளர்த்தும் துணைப்பொருளே. நஜீஸ் பட்ட இடத்தை முதலில் தனியாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டு, அதன் பிறகு மற்றத் துணிகளுடன் சேருங்கள். இறுதியில் வெறும் தண்ணீரால் அலசுங்கள். இயந்திரச் சலவை பற்றிய ஐயங்களை உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுத் தெளிவது சிறந்தது.

இயற்கையின் பெயரால் இன்னொரு சந்தை

இதுவரை படித்துவிட்டு, "அப்படியானால் இயற்கையானவை எல்லாம் நல்லவை" என்று எவரேனும் முடிவு செய்தால், நாம் எழுதியதன் பாதியை அவர்கள் தவறவிட்டார்கள். புட்டியில் வந்த விளம்பரத்தை விரட்டிவிட்டு, வாட்ஸ்அப்பில் வரும் விளம்பரத்துக்குக் கதவு திறப்பதில் என்ன ஆதாயம்?

சுர்மாவை எடுத்துக்கொள்வோம். இஸ்மித் கல்லை நபிகளார் (ஸல்) பரிந்துரைத்தார்கள் என்று சொல்லி விற்கப்படும் சுர்மாக்களில் பல, ஈயம் அடங்கிய தாதுவை அரைத்தவை. பச்சிளம் குழந்தையின் கண்ணில் அதை இட்டால், குழந்தை கண்ணைக் கசக்கி விரலை வாயில் வைக்கும். ஈயம் உடலுக்குள் போகும். ஈயம் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் நஞ்சு; இவ்வளவுவரை தீங்கில்லை என்று சொல்லத்தக்க அளவு அதற்குக் கிடையாது. எந்தக் கல் என்று அறியாத ஒன்றுக்கு நபிகளாரின் பெயரைச் சூட்டி விற்பவர், வியாபார மோசடியோடு மார்க்க மோசடியையும் சேர்த்தே செய்கிறார்.

வசம்பு. "பிள்ளை வளர்ப்பான்" என்று செல்லப்பெயர் பெற்றது. அதில் உள்ள பீட்டா அசரோன் என்னும் பொருள் ஆய்வக விலங்குகளில் புற்றுநோயை உண்டாக்கியதால், அமெரிக்கா 1968-லேயே உணவுப் பொருள்களில் வசம்பைத் தடை செய்தது. சுட்டு உரைத்துக் குழந்தையின் நாவில் தடவும் பழக்கத்தை விட்டுவிடுவதே அறிவுடைமை.

சாம்பிராணியும் பக்கூரும் வீட்டுக்கு இனிய மணம் தரும். விருந்தினரை வரவேற்கும் நம் மரபு அது. ஆனால் புகை புகைதான். குளிப்பாட்டிய சிசுவைப் புகையின்மேல் பிடிப்பதும், இளைப்பு நோயாளி இருக்கும் அறையில் கதவடைத்துப் புகையிடுவதும் நன்மை ஆகாது.

கருஞ்சீரகத்தின் சிறப்பு ஸஹீஹான ஹதீஸில் வந்துள்ளது. அதில் நமக்கு ஐயமில்லை. அதே நபிகளார் (ஸல்) நோய்க்கு மருத்துவம் செய்துகொள்ளுமாறும் கட்டளையிட்டார்கள். அந்த இரண்டாவது கட்டளையை மறைத்துவிட்டு, "இந்த எண்ணெய் இருந்தால் சர்க்கரை மாத்திரை வேண்டாம்" என்று விற்பவரை நம்பி மாத்திரையை நிறுத்தினால், அதன் விளைவைச் சிறுநீரகமும் கண்ணும் காலும் சுமக்கும். விற்றவர் சுமக்க மாட்டார்.

எல்லாவற்றிலும் அவசரமான எச்சரிக்கை ஒன்று. பிளீச்சிங் பவுடரையோ பிளீச் திரவத்தையோ கழிவறை ஆசிட்டுடனும், வினிகருடனும், எலுமிச்சைச் சாற்றுடனும் ஒருபோதும் கலக்காதீர்கள். கலந்தால் குளோரின் வாயு எழும். 1915-இல் முதல் உலகப் போரில் படைவீரர்களைக் கொல்லப் பயன்பட்ட வாயு அது. காற்றோட்டமில்லாத குளியலறையில் "இரண்டையும் போட்டால் பளிச்சென்று ஆகும்" என்று கலந்து மூச்சுத் திணறி மருத்துவமனைக்குப் போவோர் இன்றும் உண்டு. பள்ளிவாசல் ஹவ்லையும் கழிவறையையும் தூய்மை செய்வோருக்கும் இதை எடுத்துச் சொல்ல வேண்டியது நிர்வாகிகளின் கடமை.

தனக்கும் பிறருக்கும் தீங்கு கூடாது என்பது நம் சட்டவியலின் அடிப்படை விதிகளில் ஒன்று. தொழிற்சாலைப் புட்டிக்கும் அந்த விதிதான். நாட்டுமருந்துப் பொட்டலத்துக்கும் அந்த விதிதான். இது அழுக்கை நீக்குகிறதா? எவருக்கேனும் தீங்கு செய்கிறதா? இந்த இரு கேள்விகளுக்கும் விடை கிடைத்த பிறகு, அது எந்தக் கடையிலிருந்து வந்தது என்பது பெரிய செய்தியாக இராது.

மறுப்போருக்கு

"இதற்கெல்லாம் நேரம் ஏது?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. வேலைக்குப் போகும் பெண்ணிடம் இரவில் பூந்திக்கொட்டை ஊறவைக்கச் சொல்லி உபதேசம் செய்வது எளிது. ஆகவே யாரும் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. போடும் தூளைப் பாதியாகக் குறையுங்கள். மென்மையாக்கும் திரவத்தை நிறுத்துங்கள். அந்துருண்டையை வெளியே எறியுங்கள். இம்மூன்றுக்கும் ஒரு நிமிட நேரம்கூடக் கூடுதலாகத் தேவையில்லை, பணமும் மிச்சம்.

"இது பெண்கள் விஷயம்" என்று ஒதுங்கும் சகோதரர்களுக்கும் ஒரு சொல். நபிகளார் (ஸல்) வீட்டில் இருக்கும்போது குடும்பத்தாரின் பணிகளில் உதவியாக இருந்தார்கள் என்று ஆயிஷா (ரலி) அறிவிக்கிறார்கள். வளைகுடாவிலிருந்து வரும்போது பெட்டி நிறைய வாசனைத் திரவம் கொண்டுவரத் தெரிந்த நமக்கு, ஊரில் இருக்கும் நாள்களில் நம் துணியை நாமே அலசி வெயிலில் விரிக்கவும் தெரிய வேண்டும். தூள் கரைத்த வாளியில் ஒரு வாரம் கைவைத்துப் பார்த்தவர், அடுத்த மாதச் சீட்டை வேறு கண்ணோடு எழுதுவார்.

"மணம் நபிகளாருக்குப் பிடித்தமானதாயிற்றே" என்பதும் ஒரு மறுப்பு. உண்மைதான், நறுமணத்தை அவர்கள் விரும்பினார்கள். ஆனால் தூய்மைக்குப் பதிலாக அதை அவர்கள் வைக்கவில்லை. குளித்து, பல் துலக்கி, தூய ஆடை உடுத்தி, அதன்மேல் மணம் பூசுவதுதான் ஜும்ஆ நாளின் ஒழுங்கு. அந்த வரிசையில் மணம் கடைசியில் இருக்கிறது. வியாபாரிகள் அதை முதலிடத்துக்கு நகர்த்தினார்கள்; அதை மீண்டும் அதன் இடத்தில் வைப்பது நம் கையில் இருக்கிறது.

அடுத்த மளிகைச் சீட்டை எழுதும்போது குடும்பமாக உட்கார்ந்து எழுதுங்கள். ஒவ்வொரு பொருளுக்கும் நேராக, இது எதை நீக்குகிறது என்று பிள்ளைகளைக் கேளுங்கள். விடை கிடைக்காத பொருளை அடித்துவிடுங்கள். மிஞ்சும் பணத்தில் துவைக்கும் கைகளுக்குக் கையுறை வாங்குங்கள். அதன்பின்னும் மிஞ்சினால் ஸதகா உண்டியல் இருக்கிறது.

உள்ளத்தாலும் உடலாலும் உடையாலும் தூய்மையானவர்களாக நம்மை ஆக்கி, அவன் தந்த தண்ணீரையும் செல்வத்தையும் உடல்நலத்தையும் அமானத்தாகப் பேணும் பாக்கியத்தை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.